இல்வெப்பக் கொதிகலமும் நீரின் வெப்பநிலை எல்லைகளும்

வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்பது பௌதிகம் பயிலும் மாணவன் முதற்கண் கற்கும் உண்மைகளுள் ஒன்று. ஒரு கிண்ணத்திலுள்ள கொதிநீரின் வெப்பநிலை 100 பாகை. ஒரு தொட்டியிலுள்ள இளஞ்சூட்டு நீரின் வெப்பநிலை 40 பாகை. எனினும் மிகுதியான வெப்பம் இருப்பது தொட்டியிலேதான். இதனைப் பரீட்சைத் தாளிற் பிழையின்றி எழுதியவர்களும், பிற்காலத்திற் பனிநாடொன்றிற் குடியேறித் தம் வீட்டுக் கொதிகலத்தின் முன் நிற்கும்போது மறந்துவிடுகின்றனர். வீடு குளிர்கின்றதெனின் திருகியை மேலே திருப்புகின்றனர். எரிபொருட் கணக்கு ஏறுகின்றதெனின் கீழே இறக்குகின்றனர். அத்திருகி எதனை ஆள்கின்றது, அதனை எவ்வளவு ஏற்றலாம், எவ்வளவு இறக்கலாம், ஏற்றினும் இறக்கினும் வருங்கேடு யாது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாழ்ப்பாணத்து வீடொன்றுக்கு இப்பொருள் வேண்டியதன்று. மார்கழிப் பனியில் ஒரு போர்வை போதும். ஆயினும் நம் கல்லூரிப் பழைய மாணவர் பலர் இன்று இலண்டனிலும் தொறொன்ரோவிலும் வாழ்கின்றனராதலின், அவர்தம் வீட்டின் அன்றாட அலுவலாகவே இது அமைந்துவிட்டது. தொறொன்ரோவிற் பெரும்பாலான வீடுகள் காற்றைச் சூடாக்கி ஊதும் உலைகளாலேயே வெப்பமூட்டப்படுகின்றன. பழைய வீடுகள் சிலவற்றிலேதான் நீர்க்கொதிகலம் உண்டு. பிரித்தானியாவிலோ வாயுவால் எரியும் நீர்க்கொதிகலமே பெருவழக்கு. ஆகவே பிரித்தானிய முறையை முதன்மையாகவும், அமெரிக்க முறையை வேண்டுமிடத்தும் எடுத்துக்கொள்வோம். பாகையென்று நாம் குறிப்பன யாவும் சதம அளவைப் பாகைகளே.

கொதிகலம் என்ற பெயரைக் கேட்டு நீர் அதனுட் கொதிக்கின்றதெனக் கொள்ளலாகாது. எரிகருவி நீரைச் சூடாக்குகின்றது. பம்பி அந்நீரைக் குழாய்கள் வழியே அறைதோறுமுள்ள கதிர்வீசிகளுக்குச் செலுத்துகின்றது. வெப்பத்தை இழந்த நீர் மீண்டு வருகின்றது. செல்லும் நீரைப் போகுநீர் என்றும், திரும்பும் நீரை மீள்நீர் என்றும் வழங்குவோம். இவ்விரண்டின் வெப்பநிலைகளையும் பிரித்தறிந்தாலன்றிப் பின்வருவன விளங்கா. (கதிர்வீசி என்பதும் பொருந்தாப் பெயரே. அது தரும் வெப்பத்திற் பெரும்பகுதி, கதிர்வீசலாலன்றி, அதனைத் தொட்டுச் சூடேறி மேலெழும் வளியின் மேற்காவுகையாலேயே அறையிற் பரவுகின்றது. பெயர் நிலைத்துவிட்டபடியால் நாமும் அதனையே ஆள்கின்றோம்.)

வெப்பநிலையைத் தானே அறிந்து தீயை ஆளுங் கருவியின் வரலாறு சுவையானது. வெவ்வேறளவில் விரியும் ஈருலோகங்களை ஒட்டிய சட்டம் சூடேறும்போது வளையும் என்பதை ஆய்கூடத்தில் யாவருங் கண்டிருப்போம். அவ்வளைவைக் கொண்டே வெப்பநிலையை ஆளும் கருவிக்குக் கிளாசுகோவைச் சேர்ந்த அந்திரு ஊர் என்னும் இரசாயன அறிஞர் 1830இல் ஆக்கவுரிமை பெற்றார். 1885இல் அமெரிக்காவின் மினியாப்பொலிசு நகரில், சுவிற்சலாந்திற் பிறந்த அல்பேட்டு பற்சு என்பவர், அறை குளிர்ந்தவுடன் உலையின் காற்றுவாயிலைத் தானே திறந்துவிடும் பொறியொன்றை அமைத்தார். அதுவரை அப்பணி வீட்டிலுள்ளோர் நிலவறைக்கு இறங்கி ஏறிச் செய்ததாகும். இன்றைய கொதிகலத்தில் வளையுஞ் சட்டத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் வெப்பத்தால் மின்றடை மாறும் சிறு மணியொன்று அப்பணியை ஆற்றுகின்றது.

இனி எல்லைகளுக்கு வருவோம். எல்லை என்பது ஒன்றன்று. வீட்டார் மாற்றத்தக்க மேலெல்லை ஒன்று. அதற்கும் மேலே, கொதிகலத்தை ஆக்கியோன் பூட்டிவைத்த பாதுகாப்பெல்லை ஒன்று. பழைய கொதிகலங்களிலும் சில அமெரிக்கக் கொதிகலங்களிலும் கீழெல்லை ஒன்று. இவற்றிடையே, நின்ற தீ மீண்டும் எப்போது பற்றவேண்டும் என்பதைக் குறிக்கும் இடைவெளியும் உண்டு.

பாதுகாப்பெல்லையை முதலிற் கூறிவிடுதல் நன்று. ஏனெனில் உயிருக்கு ஊறு நேரும் இடம் அதுவே. நீர் 100 பாகையிற் கொதிப்பது சாதாரண வளிமண்டல அமுக்கத்திலேதான். மூடிய குழாய்த்தொகுதியின் தனியமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் இருமடங்காயின் கொதிநிலை ஏறக்குறைய 120 பாகை. அவ்வாறு 100 பாகையைக் கடந்தும் கொதியாது நிற்கும் நீர், குழாயோ கலமோ வெடித்து அமுக்கம் திடீரெனக் குறையும்போது கணப்பொழுதில் நீராவியாகப் பொங்கும். நீர் ஆவியாகுமிடத்து அதன் கனவளவு ஆயிரத்தறுநூறு மடங்குக்கு மேற் பெருகும் என்பதை நினைப்பின், அதன் அழிவாற்றலை விரித்துரைக்க வேண்டியதில்லை. இதன்பொருட்டே நீர் நூறு பாகையை அண்மிக்குமிடத்துத் தீயை முற்றாக நிறுத்தி, மனிதன் வந்து கையால் அழுத்தினாலன்றி மீண்டும் எரியாதவாறு செய்யும் தடை வைக்கப்பட்டுள்ளது. அமுக்கம் மிகுந்தால் திறக்கும் பாதுகாப்பு வால்வு மற்றொரு காவல். அத்தடை ஒருமுறை விழுந்தால் பம்பி நின்றதோ, வளி அடைத்ததோ, நீர் குறைந்ததோ என்று காரணம் தேடவேண்டும். காரணமறியாது பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துவோர் காவல்நாயின் வாயைக் கட்டுகின்றனர். பிரித்தானியாவில் வாயுக் கருவியைத் திறந்து வேலைசெய்தல் பதிவுபெற்ற தொழில்வினைஞருக்கே உரியது. வீட்டார்க்குரியது வெளியேயுள்ள திருகி மட்டுமே.

அத்திருகியை எங்கே வைப்பது? பிரித்தானியாவில் நெடுங்காலம் போகுநீர் 82 பாகையாகவும் மீள்நீர் 71 பாகையாகவும் இருக்கும்படி கதிர்வீசித் தொகுதிகள் அமைக்கப்பட்டன. இவ்விலக்கங்கள் விசித்திரமாகத் தோன்றும். பரனைற்று அளவையில் 180, 160 எனும் முழுவெண்களாதலே காரணம். பழங்கொதிகலங்களுக்கு அது பொருத்தமான ஏற்பாடு. புதிய கொதிகலங்களுக்கோ அது வீண்செலவு. ஏன் என்பதை இரசாயனம் கூறும்.

இயற்கை வாயுவின் முதன்மைக்கூறு மெதேன். மெதேன் எரியுங்கால் காபனீரொட்சைட்டும் நீராவியும் உண்டாகின்றன. மூலக்கூற்று நிறைகளைக் கொண்டு கணித்தால், 16 கிராம் மெதேன் 36 கிராம் நீரைத் தரும். அதாவது ஒரு கிலோகிராம் வாயு எரிய இரண்டேகால் கிலோகிராம் நீர் புகைபோக்கி வழியே ஆவியாய்ச் செல்கின்றது. அவ்வாவி தன்னுடன் கொண்டுசெல்லும் மறைவெப்பம் ஏறக்குறைய ஐந்தரை மெகாயூல். ஒரு கிலோகிராம் மெதேனிலிருந்து பெறத்தக்க முழுவெப்பம் ஐம்பத்தைந்தரை மெகாயூல். பத்திலொரு பங்கு புகைபோக்கியிற் போகின்றது! அவ்வாவியைக் கொதிகலத்துக்குள்ளேயே ஒடுக்கி நீராக்கினால் அம்மறைவெப்பம் மீட்கப்படும். இதனைச் செய்வதே ஒடுக்கற் கொதிகலம். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2005ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல், சில விலக்குகள் நீங்கலாக, புதிதாகப் பொருத்தும் வாயுக் கொதிகலங்கள் இவ்வகையினவாதல் வேண்டுமென விதிக்கப்பட்டது.

ஒடுக்கற் கொதிகலத்தை வாங்கியதனால் மட்டும் ஆவி ஒடுங்கிவிடாது. இயற்கை வாயுவின் புகைக்குப் பனிபடுநிலை ஏறக்குறைய 55 பாகை. அதனிலுங் குளிர்ந்த மேற்பரப்பைத் தொட்டாலன்றி ஆவி நீராகாது. அம்மேற்பரப்பைக் குளிர்விப்பது மீள்நீரே. மீள்நீர் 71 பாகையில் வந்தால் ஒடுக்கம் நிகழ்தற்கு இடமே இல்லை. பெயரளவில் ஒடுக்கற் கொதிகலம், செயலளவிற் பழங்கொதிகலம். மீள்நீர் 50, 45, 40 என இறங்க இறங்க மீட்கப்படும் வெப்பம் ஏறும். ஆகவே திருகியில் நாம் மாற்றுவது போகுநீரையாயினும், நாம் கருத்திற் கொள்ளவேண்டியது மீள்நீரையே.

இங்கு ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். ஐரோப்பிய விற்பனைப் பத்திரங்களில் இக்கொதிகலங்களின் திறன் நூற்றுக்கு 105 வீதம், 107 வீதம் என அச்சிடப்பட்டிருக்கும். சத்திக்காப்பு விதியைக் கற்ற மாணவன் திடுக்கிடுவான். திடுக்கிடுதல் நியாயமே. எரிபொருளின் வெப்பத்தைக் கணக்கிடும்போது ஆவியின் மறைவெப்பத்தைச் சேர்க்காது விட்டுவிட்டு, கிடைத்த வெப்பத்தைக் கணக்கிடும்போது அதனைச் சேர்த்துக்கொள்வதால் வந்த வினை அது. பகுதியிற் குறைத்துத் தொகுதியிற் கூட்டினால் எப்பின்னமும் ஒன்றைத் தாண்டும்.

"நீரின் வெப்பநிலையைக் குறைத்தால் வீடு குளிருமே" என்பார்க்கு விடை கணக்கிலேயே உண்டு. ஐரோப்பிய நியமப்படி ஒரு கதிர்வீசியின் வலு, போகுநீர் 75, மீள்நீர் 65, அறை 20 பாகையாக இருக்கும்போது அளக்கப்படுகின்றது. நீரின் சராசரி 70; அறையினின்றும் வேறுபாடு 50. வெப்பம் வெளிவிடும் வலு இவ்வேறுபாட்டின் 1.3ஆம் அடுக்குக்கு ஏறக்குறைய விகிதசமம். போகுநீர் 65, மீள்நீர் 55 ஆயின் வேறுபாடு 40; வலு நூற்றுக்கு 75 வீதமாகும். போகுநீர் 55, மீள்நீர் 45 ஆயின் வேறுபாடு 30. வலு 51 வீதம், பாதியென்றே கொள்ளலாம்.

பாதி வலு போதுமா? வீடு இழக்கும் வெப்பம் உள்ளும் புறமுமுள்ள வேறுபாட்டுக்கு விகிதசமம். புறத்தே சுழியத்துக்குக் கீழ் 3 பாகையாக உள்ள கடுங்குளிர் நாளுக்கென ஒரு வீட்டின் கதிர்வீசிகள் அளவிடப்பட்டனவெனக் கொள்வோம். உள்ளே 20 ஆதலின் வேறுபாடு 23. இலண்டனிற் சாதாரண மாரிக்காலப் பகற்பொழுதொன்றிற் புறத்தே 8 பாகை, வேறுபாடு 12. பன்னிரண்டை இருபத்துமூன்றால் வகுக்க, பாதியிற் சிறிது கூட. ஆகவே அந்நாளில் 55 பாகைப் போகுநீரே ஏறக்குறையப் போதுமானது. 75 பாகை வேண்டிய நாட்கள் ஓராண்டில் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அச்சில நாட்களுக்கென வைத்த திருகியை ஆண்டு முழுதும் அங்கேயே விட்டுவைப்பது, மழைக்கு எடுத்த குடையை வெயிலிலும் நிலவிலும் விரித்துச் செல்வதை ஒக்கும். புறவெப்பநிலையை அளந்து போகுநீரைத் தானே ஏற்றியிறக்கும் கருவிகள் செருமனியில் நெடுங்காலமாக வழக்கிலுள்ளன. அமெரிக்காவில் 2012 செத்தெம்பர் முதல் ஆக்கப்படும் வீட்டு நீர்க்கொதிகலங்கள், குழாய்நீரை உள்ளேயே சூடாக்கும் சுருளுடையவை நீங்கலாக, வெப்பத்தின் தேவைக்கேற்ப நீரின் வெப்பநிலையைத் தாமே மாற்றும் கருவியுடையனவாதல் வேண்டும். இங்கிலாந்தில் 2022 யூன் முதல், புதிதாக அமைக்கும் அல்லது முழுதும் மாற்றும் வெப்பத்தொகுதிகள், இயலுமிடத்து, 55 பாகைக்கு மேற்படாத போகுநீருக்கென வகுக்கப்படல் வேண்டும்.

வெப்பநிலை குறைந்தால் அறை சூடேற நேரம் கூடுதலாகும் என்பதை மறைத்தலாகாது. காலையில் அரைமணிக்கு முன் மூட்டிய தீயை ஒருமணிக்கு முன் மூட்ட நேரிடலாம். நெடுநேரம் எரிதல் வீண்விரயமென்று எண்ணுவோர் பலர். சிறுசுவாலையில் நெடுநேரம் எரிதலே இக்கொதிகலத்துக்கு உகந்த நிலை.

பழங்கொதிகலத்தின் கதை இதற்கு நேர்மாறானது. வார்ப்பிரும்பாலோ உருக்காலோ ஆகிய ஒடுக்கற் கொதிகலமல்லாத ஒன்றில் ஆவி உள்ளே ஒடுங்கலாகாது. ஒடுங்கிய நீர் அமிலத்தன்மையுடையது. எண்ணெய் எரிப்பதாயின் அதிலுள்ள கந்தகத்தால் இன்னுங் கொடியது. அது கலத்தையும் புகைபோக்கியையும் அரிக்கும். புகைபோக்கி அரித்துத் துளைபடின் காபனோரொட்சைட்டு வீட்டினுட் புகும். அவ்வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஆகையால் இத்தகைய கொதிகலத்தில் மீள்நீர் ஏறக்குறைய 55 பாகைக்குக் கீழே நெடுநேரம் நிற்கவிடாது காத்தல் வேண்டும். ஒடுக்கற் கொதிகலமுடைய அயலவர் கூறிய அறிவுரையைக் கேட்டுப் பழங்கொதிகலத்தின் திருகியை இறக்குவோர் எரிபொருளிற் சேமிப்பதிலும் கூடுதலாகக் கலத்தில் இழப்பர். தம் கொதிகலம் எவ்வகையதென அறியாதார் புறச்சுவரைப் பார்க்கட்டும். ஒடுங்கிய நீரை வடிகாலுக்குக் கொண்டுசெல்லும் ஒடுங்கிய பிளாத்திக்குக் குழாய் இருப்பின் அது ஒடுக்கற் கொதிகலமே.

அமெரிக்காவிலும் கனடாவிலும், குழாய்நீரையும் தன்னுள்ளே ஒரு செப்புச் சுருளிற் சூடாக்கும் பழங்கொதிகலங்கள் உள. அவற்றிலுள்ள அக்குவாத்தாற்று என்னும் ஆளிப்பெட்டியில் மூன்று திருகிகள் இருக்கும். மேலெல்லை வழக்கமாக 180 பரனைற்றுப் பாகை. அதனை எட்டியதும் தீ நிற்கும். கீழெல்லை ஏறத்தாழ 140. அறைகளுக்கு வெப்பம் வேண்டாத கோடையிலும் நீர் அதற்குக் கீழே இறங்கவிடாது. கீழெல்லைக்குக் கீழே நீர் குளிர்ந்தால் பம்பியையும் அது நிறுத்திவிடும். குளிப்பவர்க்கு முதலுரிமை, அறைக்குப் பின்னுரிமை. மேலெல்லை கீழெல்லையினும் குறைந்தது 20 பரனைற்றுப் பாகை உயர்ந்திருத்தல் வேண்டும். இரண்டையும் நெருக்கிவைத்தால் ஒன்றின் கட்டளையை மற்றது மறுக்கும். வீட்டார் அறை குளிர்வதன் காரணம் விளங்காது அலைவர்.

மூன்றாந் திருகி இடைவெளியைக் குறிக்கின்றது. இதனைப் பலர் பொருட்படுத்துவதில்லை. 24 கிலோவாற்று வலுவுடைய கொதிகலமொன்று 6 கிலோவாற்று மட்டும் வேண்டிய வீட்டில், சுவாலையைக் குறைக்க இயலாது எரிகின்றதெனக் கொள்வோம். மிகுதி 18 கிலோவாற்று நீரைச் சூடாக்கும். தொகுதியில் 100 இலீற்றர் நீர் உண்டாயின் அதனை ஒரு பாகை உயர்த்த 419 கிலோயூல் வேண்டும். அதாவது 23 செக்கன். இடைவெளி 5 பாகையாயின் இரண்டு நிமிடத்துக்குட் தீ நின்றுவிடும். ஆறு நிமிடத்தில் மீண்டும் பற்றும். இடைவெளி 12 பாகையாயின் தீ நாலரை நிமிடத்துக்கு மேல் எரிந்து, பதினான்கு நிமிடம் ஓய்ந்திருக்கும். ஒவ்வொரு பற்றுதலின்போதும் கலத்தினுள்ளே வளியூதிச் சுத்திசெய்வதால் வெப்பம் சிறிது வெளியேறுகின்றது. பற்றவைக்கும் உறுப்புக்களும் தேய்கின்றன. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான தடவை பற்றியணைவதிலும் எழுபது தடவை பற்றியணைவது எத்துணை நன்று என்பதை வாசகரே உணர்வர்.

இதுவரை கூறியது அறைகளைச் சூடாக்கும் நீரைப்பற்றி. குளிக்கும் நீரின் சட்டம் வேறு; அங்கே சிக்கனத்துக்கு இடங்கொடுத்தால் நோய்க்கு இடங்கொடுத்தவராவோம். 1976 யூலையில் அமெரிக்காவின் பிலதெல்பியா நகரில், விடுதியொன்றிற் கூடிய முன்னாட் போர்வீரரிடையே கொடிய நுரையீரல் நோயொன்று பரவிப் பலர் இறந்தனர். அதன் காரணமான பற்றீரியா 1977 சனவரியிலேயே கண்டறியப்பட்டது. இலெசியனெல்லா எனப் பெயர்பெற்ற அது 20 பாகைக்கும் 45 பாகைக்கும் இடைப்பட்ட நீரிற் செழித்து வளர்கின்றது. 60 பாகையில் விரைந்து மடிகின்றது. ஆதலின் தாங்கியிற் சேமிக்கும் வெந்நீர் 60 பாகையில் இருத்தல் வேண்டுமென்பது விதி. தாங்கியை 60 பாகைக்கு ஏற்றுதற்குக் கொதிகலத்தின் போகுநீர் அதனிலும் உயர்ந்து, 65 அல்லது 70 பாகையில் வருதல் வேண்டும். 2022 திசெம்பரில் பிரித்தானிய அரசாங்கம் போகுநீரை 60 பாகைக்கு இறக்குமாறு மக்களுக்கு அறிவுறுத்தியபோது, தாங்கியில்லாது உடனுக்குடன் வெந்நீர் தரும் கூட்டுக்கொதிகலங்களையே குறித்தது. அவ்வொரு சொல்லைக் கவனியாது தாங்கியுடைய வீட்டில் அதனைப் பின்பற்றுதல் தவறு. கூட்டுக்கொதிகலத்தில் திருகிகள் இரண்டு: கதிர்வீசிப் படம் பொறித்தது ஒன்று, குழாய்ப் படம் பொறித்தது மற்றொன்று. முன்னதை இறக்கினாற் பின்னது மாறாது.

தாங்கியில் 60 பாகை என்றவுடன் மற்றோர் ஆபத்து எழுகின்றது. அமெரிக்காவில் மொரிற்சு, என்றிக்கெசு என்னும் இருவர் 1947இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் மேற்கோளாக உள்ளது. 60 பாகை நீர் ஏறக்குறைய ஐந்து செக்கனில் வளர்ந்தவரின் தோலை ஆழமாக வேகச்செய்யும். 49 பாகையில் அதற்குப் பல நிமிடங்கள் வேண்டும். குழந்தையின் தோல் மெல்லிது. முதியோர் விரைந்து எழுந்து விலகமாட்டார். ஊரிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்த பெற்றோர், சுடுநீர்க் குழாயை முதலில் திறந்து பின்பு தண்ணீர் கலக்கும் வழக்கமுடையோராயின் இடர் மிகுதி. இதற்குப் பரிகாரம் தாங்கியைக் குளிர்விப்பதன்று; தாங்கிக்கும் குளியற்றொட்டிக்கும் இடையே வெப்பநிலையறிந்து கலக்கும் வால்வைப் பொருத்துவதே. இங்கிலாந்திற் புதுவீடுகளின் குளியற்றொட்டிக்கு வரும் நீர் 48 பாகையை மேற்படலாகாதென 2010ஆம் ஆண்டின் விதி கூறுகின்றது. பழைய வீட்டிற் குடியிருப்போரும் தம் செலவில் அவ்வால்வைப் பொருத்திக்கொள்ளலாம். கொதிகலத்திற் செய்யும் எந்தச் சேமிப்பினும் அச்செலவு முந்தியது என்பது நம் கருத்து.

இனிச் செய்முறை. ஒடுக்கற் கூட்டுக்கொதிகலமுடையார் கதிர்வீசித் திருகியை முதலில் 65 பாகையில் வைத்து இரண்டு மூன்று நாள் பார்க்க. அறை வேண்டிய 20 அல்லது 21 பாகையை எட்டுமாயின் 60 ஆக்குக, பின்னர் 55. எந்நிலையில் அறை எட்டாது நிற்கின்றதோ அதற்கு மேலே ஐந்து பாகை ஏற்றி நிறுத்துக. இப்பரிசோதனையை இளங்குளிரிற் செய்தால், கடுங்குளிர் வரும்போது மீண்டும் ஏற்ற நேரிடும். அது குறையன்று, கருவி செய்யாததைக் கை செய்கின்றது. ஒரே ஓர் அறை மட்டும் சூடேறாதிருப்பின் திருகியைத் தொடவேண்டாம். அந்த அறையின் கதிர்வீசி சிறிதாயிருக்கும், அல்லது அதன் உள்ளே வளியோ சேறோ அடைத்திருக்கும். எண் பொறியாது 1, 2, 3 என மட்டும் குறித்த திருகியாயின், கொதிகலத்திலிருந்து புறப்படும் குழாயிலும் திரும்பும் குழாயிலும் கட்டத்தக்க குழாய் வெப்பமானிகள் சொற்ப விலைக்குக் கிடைக்கும். அரைமணி எரிந்தபின் இரண்டையும் வாசித்து, மீள்நீர் 55 பாகைக்குக் கீழே உள்ளதா என்று முதலிலும், இரண்டினிடை வேறுபாடு பத்துக்கும் இருபதுக்கும் நடுவே உள்ளதா என்று அடுத்தும் நோக்குக. வேறுபாடு மிகக் குறைவாயின் பம்பி வேண்டியதிலும் விரைந்து ஓடுகின்றது. 12 கிலோவாற்றைக் கொண்டுசெல்லப் பத்துப் பாகை வேறுபாட்டில் நிமிடத்துக்கு 17 இலீற்றர் நீர் வேண்டும், இருபது பாகை வேறுபாட்டில் ஒன்பது இலீற்றருக்குச் சற்றுக் குறைவே போதும். மீள்நீரைக் குளிர்விக்கப் பம்பியின் வேகத்தை ஒருபடி குறைத்தலும் ஒரு வழி. வாசித்த எண்களையும் அன்றைய புறவெப்பநிலையையும் கொதிகலத்தருகே ஒரு தாளிற் குறித்துத் தொங்கவிட்டால், அடுத்த மாரியில் திருகியைத் தேடித் தடவவேண்டியிராது.